நாலாம் ஸ்லாட்டில் அஞ்சலை

பேர்ணாம்பட்டு, ஜவாத் சாயபு தோல் ஷாப்,
எண்பத்தேழு தை மாதம்.
மெட்ராஸிலிருந்து குடியாத்தம் வரை
கம்ப்யூட்டருக்கும் ஒரு டிக்கெட் எடுத்து
பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தேன்.

மூடியைத் திருகில்லாமலே தூக்கலாம்.
உள்ளே எட்டு ஸ்லாட், பூஜ்யத்திலிருந்து ஏழு வரை.
ஒன்றில் பிரிண்டர் கார்டு. ஆறில் ஃபிளாப்பி.
மற்றதெல்லாம் வாய் திறந்து கிடந்தன.
எவனோ, கடல் தாண்டி,
தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன்,
தெரியாததற்கும் இடம் விட்டிருந்தான்.
எனக்கு அது பிடித்துப்போனது.

மூன்று மாதம் ஈயப் புகையில் பற்றவைத்தேன்.
பச்சைப் பலகை, விளிம்பில் ஐம்பது பித்தளை விரல்,
நடுவில் ஒரு சில்லு, அதன் நெற்றியில் கண்ணாடி ஜன்னல்.
அதில் நூற்று இருபத்தெட்டு உருவத்துக்கு இடம்.
நம்மிடம் இருப்பது அதைவிட அதிகம்.
கொம்பைக் கழற்றினேன், காலைக் கழற்றினேன்,
அப்படியும் சிலரை வெளியே நிறுத்த வேண்டி வந்தது.
ங போனது, ங் மட்டும் நின்றது.
ஞ போனது, கூடவே ஞ்-உம்.
கூலிப் பட்டியலில் ஞானிக்கு என்ன வேலை
என்று நினைத்தேன்.

வியாழன் சாயங்காலம். வெள்ளிக்கு லீவு.
பிரிண்டர் கீச்சிட்டுக் கீச்சிட்டுத் தாளைத் தள்ளியது.
அஞ்சலை, சுண்ணாம்புக் குழி, ஆறு நாள்.
படிக்கத் தெரியாது. ஆனால் தன் பேரின் உருவம் தெரியும்,
முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது.
கையையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
தாளில்:
அ   சலை

"இன்னா சார், எம் பேருல ஒரு பல்லு வுழுந்துகீது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"இது வேற யாரு கூலியோ. எனக்கு வாணாம்."
கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்தார்.
"நீ எழுதாத. மிசினு எழுதட்டும்."
பின்னால் மஞ்சுளா, அவளுக்குப் பின்னால் குஞ்சம்மா.
வரிசை நகரவில்லை.

நிறைந்த சில்லில் ஓரெழுத்தை மட்டும் மாற்ற முடியாது.
எல்லாவற்றையும் அழித்துத்தான் திரும்ப எழுத வேண்டும்.
அழிக்க ஒரு ஊதா விளக்கு உண்டு,
விலை என் நாலு மாதச் சம்பளம்.
ஆனால் இது வடாற்காடு. அக்னி நட்சத்திரம்.
கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தாளை உரித்து
மொட்டை மாடியில், ஆணியடித்து விரித்த
ஆட்டுத் தோல்களுக்கு நடுவே வைத்தேன்.
காக்கைக்குப் பயந்து ஒரு கொசுவலைத் துண்டு.
ஏழு நாள். சந்தேகத்துக்கு எட்டாம் நாளும்.
அகரத்திலிருந்து எல்லாம்
சத்தமில்லாமல் வெயிலில் போயின.

செருகிப் படித்துப் பார்த்தேன்.
வெறுமை என்றால் பூஜ்யம் என்றிருந்தேன்.
இல்லை. அழிந்த சில்லில் எங்கே பார்த்தாலும் ஒன்று.
ஒன்று, ஒன்று, ஒன்று.
எழுதுவது என்றால் அங்கங்கே ஒன்றை இல்லாமல் செய்வது.
இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.
கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.
"டீ சொல்லட்டுமா?" என்றார்.

ராணிப்பேட்டையில் எழுதும் கருவியை இரவல் கேட்டு,
அவர்கள் தரும்வரை நடையாய் நடந்து,
இரண்டு வாரம் போனது.
ஞ்-க்கு இடம் வேண்டுமே. ஃ-ஐ எடுத்தேன்.
மூன்று புள்ளி. தோல் கணக்கில் அது எங்கே வரப்போகிறது?

நாலாம் ஸ்லாட்டில் கார்டை வைத்து
இரண்டு கட்டைவிரலால் அழுத்தினேன்.
முதலில் முரண்டு, பிறகு ஒரு சின்ன இறக்கம்.

வியாழன்.
அஞ்சலை விரல் வைத்து எண்ணினாள்.
அ. ஞ். ச. லை.
நாலு வாரக் கூலியை முந்தானையில் முடிந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள்.

அடுத்து, உருப்படி எண்ணும் ஃபாத்திமா.
ஏழாவது வரை படித்தவள்.
தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"முன்னாடி மூணு புள்ளி இருந்துச்சே, சார்?"

ஜன்னல் வழியே மேலே பார்த்தேன்.
ஆனி பிறந்திருந்தது.
மலைப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது.